நாளொன்றுக்கு ஒரு நிமிடம்

மதுரையிலிருந்து தெற்கே போகும் நான்குவழிச் சாலையில், திருமங்கலத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது கப்பலூர். சுங்கச்சாவடித் தகராறுகளால் இந்த ஊர்ப்பெயர் தமிழ்நாடு முழுக்கத் தெரியும். சிட்கோ தொழிற்பேட்டை, தியாகராசர் மில், ஓயாத லாரிகள், அவற்றைத் தாண்டினால் வயலும் கரிசல் காடும். இந்த மாதிரி ஊர்களில் பொழுது சாயும்போது கிளினிக் பெஞ்சுகள் நிரம்பத் தொடங்கும். ஷிஃப்ட் முடிந்து வந்தவர், வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்த டிரைவர், களையெடுத்துவிட்டு வந்த பெண், இடுப்பில் குழந்தையோடு ஒரு பாட்டி. நாலு நாள் காய்ச்சல், சர்க்கரை, நெஞ்சு கரிப்பு, வயிற்றுப்போக்கு, வரப்பில் ஏதோ கடித்தது என எல்லாமே ஒரே வரிசையில் டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருக்கும். உள்ளே ஒரே ஒரு எம்.பி.பி.எஸ். டாக்டர். ஆளுக்குச் சில நிமிடம். அதற்குள் எது தானாகச் சரியாகும், எதற்கு மருந்து வேண்டும், எதை உடனே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று அவர் பிரித்தாக வேண்டும். பெரியாஸ்பத்திரி என்றால் மதுரைக்காரர்களுக்கு அரசு இராசாசி மருத்துவமனைதான்.

இப்படிப் பிரிக்கும் கலையை அவர் எங்கே கற்றார், அந்தப் படிப்பை எப்போது புதுப்பித்தார் என்று பெஞ்சில் இருப்பவர்கள் கேட்பதில்லை. கைராசி இருக்கிறதா என்று மட்டும் விசாரிப்பார்கள்.

சட்டம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறது. இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-ல் கொண்டுவந்த தொழில் நடத்தை விதிகளின்படி, ஒரு மருத்துவர் ஐந்து ஆண்டுக்குக் குறைந்தது 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வியில் பங்கெடுக்க வேண்டும். டாக்டர்கள் பேச்சில் இது சி.எம்.இ. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 30 மணி நேரம் என்றால் 1,800 நிமிடம். ஐந்து ஆண்டு என்றால் ஏறக்குறைய 1,826 நாள். ஆக, நாளொன்றுக்கு ஒரு நிமிடத்துக்கும் கொஞ்சம் குறைவு. பிரிட்டனில் குடும்ப மருத்துவர்கள் ஆண்டொன்றுக்கே 50 மணி நேரக் கற்றலைக் கணக்குக் காட்டுகிறார்கள். 2012 டிசம்பரிலிருந்து அங்கே ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதியை மறு உறுதி செய்யும் முறையும் இருக்கிறது. இருந்தாலும், நம்முடைய குறை மணிக்கணக்கில் மட்டும் இருப்பதாகச் சொல்லிவிட முடியாது. அந்த ஒரு நிமிடத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்தால் கவலை இன்னும் கூடும்.

முதலில் அடிப்படைப் படிப்பு. கெர் ஒயிட் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1961-ல் வெளியிட்ட சின்னக் கட்டுரை ஒன்றைப் பொது மருத்துவம் பேசுகிறவர்கள் இன்றும் எடுத்துக்காட்டுவார்கள். ஒரு மாதத்தில் 1,000 பெரியவர்களை எடுத்துக்கொண்டால் 750 பேருக்கு ஏதோ ஓர் உடல்நலக் குறை வருகிறது. 250 பேர் மருத்துவரைப் பார்க்கிறார்கள். 9 பேர் மருத்துவமனையில் சேர்கிறார்கள். பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் போய்ச் சேர்கிறவர் ஒரே ஒருவர். மருத்துவ மாணவர் ஐந்தரை ஆண்டும் உட்கார்ந்து படிப்பது அந்த ஒருவருடைய கட்டிலருகில். மதுரை மருத்துவக் கல்லூரி 1954-ல் தொடங்கியது. தென்மாவட்டங்களுக்கு அது கொடுத்த மருத்துவர்கள் ஏராளம். ஆனால் எந்த மருத்துவக் கல்லூரியானாலும் வார்டுக்கு வந்து சேரும் நோய் ஏற்கெனவே பிரிக்கப்பட்டு, பெயர் சூட்டப்பட்டு வருகிறது. கப்பலூர் பெஞ்சில் அதற்குப் பெயர் கிடையாது. 'உடம்பு ஒரு மாதிரி இருக்கு' என்பதுதான் அங்கே முதல் வரி.

கைராசிக்கு வருவோம். வயது ஏற ஏற டாக்டரின் கை பழகும், அதனால் வைத்தியமும் கூர்மையாகும் என்பது நம் பொது நம்பிக்கை. ஹார்வர்டைச் சேர்ந்த நிதீஷ் சௌத்ரியும் சகாக்களும் 2005-ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அனுபவ ஆண்டுகளையும் சிகிச்சையின் தரத்தையும் ஒப்பிட்ட 62 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்ததில், பாதிக்கும் மேற்பட்டவற்றில் ஆண்டு கூடக் கூட எல்லா அளவுகோல்களிலும் தரம் இறங்கியிருந்தது. மூத்த மருத்துவர்களை இது சிறுமைப்படுத்துவதாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. நோயாளியிடம் பேசும் பக்குவமும் பதறாத மனமும் ஆண்டுகள் தருபவை. மருந்தறிவு அப்படித் தானாக வளர்வதில்லை. படிப்பு முடிந்த நாளில் நின்ற கடிகாரமாக அது நின்றுவிடுகிறது.

இது எப்படி ஓர் உயிரைத் தொடும் என்பதற்குக் காய்ச்சலையே எடுத்துக்கொள்ளலாம். மழைக்காலம் முடிந்து பனி இறங்கும் மாதங்களில் வயல்வேலை செய்யும் பெண் ஒருவர் ஐந்து நாள் காய்ச்சலோடு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். டெங்கு இல்லை, டைபாய்டு தெளிவாக இல்லை. வழக்கமாக எழுதப்படும் பென்சிலின் வகை, செஃபலோஸ்போரின் வகை மருந்துகள் கொடுத்தும் காய்ச்சல் அடங்கவில்லை. இது ஸ்க்ரப் டைபஸ் என்ற உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். புதரிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்கே தெரியாத சிற்றுண்ணியின் இளம்புழு கடித்த இடத்தில் வலியில்லாத கருகிய புண் ஒன்று பலருக்கு வரும். பீடியால் சுட்டது போல நடுவில் கறுப்பு, சுற்றிலும் சிவப்பு. மருத்துவத்தில் அதற்கு எஸ்கார் என்று பெயர். அது முகத்திலோ கையிலோ பளிச்சென்று இருக்காது. அக்குளில், தொடையிடுக்கில், மார்பகத்துக்குக் கீழே, பாவாடை நாடா அழுத்தும் இடுப்பில் ஒளிந்திருக்கும். நோயாளிக்கே தெரியாது. தேடினால்தான் கிடைக்கும். ஆண் டாக்டர், பெண் நோயாளி, நெருக்கியடிக்கும் கூட்டம், திரைச்சீலை இல்லாத அறை என்றால் தேடுவது நடக்காது. அந்த நேரத்தில் பார்த்துச் சொல்லப் பழகிய ஒரு நர்ஸ் இருந்தால் நடந்துவிடும்.

கண்டுபிடித்துவிட்டால் டாக்ஸிசைக்ளின் என்ற விலை மலிவான பழைய மாத்திரையே பெரும்பாலும் போதும். ஒன்றிரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். விட்டுவிட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகப் பிடிக்கும். அப்படி முற்றிய நோயாளிகளுக்கு எந்த மருந்து என்பதைப் பற்றி நீண்டகாலம் தெளிவில்லாமல் இருந்தது. வேலூர் சி.எம்.சி. முன்னின்று இந்தியாவில் ஏழு மையங்களில் நடத்திய ஆய்வு 2023-ல் வெளிவந்தது. டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுத்தவர்களில் 33 சதவீதத்தினருக்கு மரணமோ, தீராத சிக்கலோ, நீடித்த காய்ச்சலோ இருந்தது. தனித்தனியாகக் கொடுத்தபோது அது 47, 48 சதவீதம். உலகின் முதன்மையான மருத்துவ இதழில் வந்த, நம் ஊர் நோயாளிகளைக் கொண்டே கண்டறிந்த முடிவு இது. நம் ஊர்களில் கிளினிக் நடத்துகிற ஒருவருக்கு இந்தச் செய்தி எந்த வழியாகப் போய்ச் சேரும்?

இன்றைக்கு மிகச் சுலபமான வழி, நோயாளிகள் போன பிறகு பையோடு உள்ளே வரும் மருந்துக் கம்பெனி ரெப். உழைப்பாளி, பல ஊர் அலைகிறவர், அவர் மீது குற்றமில்லை. அவர் கொண்டுவரும் செய்தி அவருடைய கம்பெனி விற்கும் மருந்தைப் பற்றியது. காப்புரிமை முடிந்து மலிந்துபோன டாக்ஸிசைக்ளினுக்காக யாரும் பெட்ரோல் போட்டுக்கொண்டு வரமாட்டார்கள். ஹோட்டல் அரங்கில் ஸ்பான்சரோடு நடக்கும் சி.எம்.இ. கூட்டங்களிலும் இதே சிக்கல் இருக்கிறது. நல்ல பேச்சாளர் வருவார், நல்ல தகவலும் வரும், ஆனால் தலைப்பைத் தேர்ந்தெடுப்பது பணத்தின் பக்கமாகச் சாயும். 2023 ஆகஸ்ட் 2-ல் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட புதிய விதிகள், கம்பெனிகள் பணம் கொடுக்கும் கல்வி நிகழ்ச்சிகளில் மருத்துவர்கள் பங்கெடுப்பதைத் தடுத்தன. அதே விதிகள் மருந்தின் பொதுப்பெயரை எழுதவேண்டும் என்றும் சொன்னதால் எதிர்ப்பு கிளம்பியது. மூன்றே வாரத்தில், ஆகஸ்ட் 23-ல், எல்லாமே நிறுத்தி வைக்கப்பட்டன. 2024 மார்ச்சில் மருந்துக் கம்பெனிகளுக்கான நடத்தை நெறி ஒன்று வந்தது. பரிசுப்பொருளுக்கும் வெளிநாட்டுக் கருத்தரங்குக்கும் அது தடை போட்டது. கல்வி யார் பொறுப்பு என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

கூட்டம் போட்டுப் பேசினால் பழக்கம் மாறுமா என்பதற்கும் விடை இருக்கிறது. காக்ரேன் அமைப்பு 2021-ல் 200-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. கல்விக் கூட்டங்களால் மருத்துவரின் நடைமுறையில் வரும் முன்னேற்றம் இடைநிலைக் கணக்கில் 7 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. பூஜ்யமில்லை, அதற்காக மகிழலாம். அதை மட்டும் நம்பிக்கொண்டு இருக்கவும் முடியாது.

வங்காளத்தின் பீர்பூம் மாவட்டத்தில் நடந்தது இன்னும் யோசிக்க வைக்கிறது. அங்கே பட்டம் இல்லாமல் கிராமங்களில் வைத்தியம் பார்ப்பவர்களுக்கு லிவர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு ஒன்பது மாதம், 72 அமர்வுகளில் பயிற்சி கொடுத்தது. நோயாளி போல நடிப்பவர்களை அனுப்பிச் சோதித்தபோது, சரியான சிகிச்சை தருவது கூடியிருந்தது. தேவையில்லாத ஆன்டிபயாட்டிக் கொடுப்பது குறையவே இல்லை. 2016-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு இது. பட்டமில்லாதவருக்குப் பயிற்சி கொடுக்கலாமா என்ற சர்ச்சையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் பாடம் தெளிவானது. தெரியாததைச் சொல்லிக்கொடுத்தால் ஏறுகிறது. தெரிந்தும் செய்கிற பழக்கம் வகுப்பறையில் மாறுவதில்லை. 'ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டர்' என்று பெஞ்சிலிருந்து வரும் குரலுக்குப் பதில் சொல்லவும் பயிற்சி வேண்டும். அதை எந்தப் பாடநூலும் தருவதில்லை.

மாற்று வழி தமிழ்நாட்டிலேயே முளைத்திருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு 2006-ல், வேலையை விடாமலே பொது மருத்துவர்கள் படிக்கும் குடும்ப மருத்துவப் படிப்பு ஒன்றைத் தொடங்கியது. அந்த முயற்சிக்கு அவர்கள் வைத்த பெயரின் பொருள்: குறைவாக அனுப்பு, அதிகமாகத் தீர்த்து வை. மருத்துவர் ஜாச்சின் வேலவன் போன்றவர்கள் இதை வளர்த்தெடுத்தார்கள். வீட்டுக்கு வரும் பாடப் புத்தகங்கள், வீடியோப் பாடம், அவ்வப்போது அருகிலுள்ள மையத்தில் நேரடி வகுப்பு. கிளினிக்கை மூடிவிட்டு இரண்டு ஆண்டு வேலூரில் தங்க முடியாதவர்களுக்காகவே யோசித்துச் செய்தது. சென்னையில் டாக்டர் மோகன்ஸ் கல்வி அமைப்பும் இந்தியப் பொது சுகாதார அறக்கட்டளையும் சேர்ந்து 2010-ல் தொடங்கிய சர்க்கரை நோய்ச் சான்றிதழ்ப் படிப்பும் இதே வழியில் நடப்பது: மாதம் ஒரு வகுப்பு, ஓர் ஆண்டு. தமிழ்நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய ஏழில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருக்கும்போது, இது சிறப்பு மருத்துவரின் விஷயமாக மட்டும் இருக்க முடியாது. இரண்டிலும் பொதுவாக இருப்பது திரும்பத் திரும்ப வருவது. ஒருமுறை கேட்டதை மறுநாள் கிளினிக்கில் செய்துபார்த்து, அடுத்த மாதம் சந்தேகத்தோடு திரும்புகிற வசதி.

பாம்புக்கடியில் இந்த வசதியின் அருமை கண்ணுக்கு நேராகத் தெரியும். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது. தனியார் கிளினிக்கும் தகவல் தர வேண்டும். தகவல் தருவதற்கு முன்னால் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. அதற்கு ஒரு கண்ணாடிக் குழாயும் ஒரு சுவர்க் கடிகாரமும் போதும். கடிபட்டவரின் நரம்பிலிருந்து 2 மில்லி ரத்தம் எடுத்து, புதிய, காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் நிறுத்தி வைக்க வேண்டும். பிறகு மெல்லச் சாய்க்க வேண்டும். உறையாமல் தண்ணீராக ஓடினால் விரியன் விஷம் ரத்தத்தில் வேலை செய்கிறது என்று பொருள். விஷமுறிவு மருந்தை உடனே தொடங்க வேண்டும்.

இவ்வளவுதான். ஆனாலும் தவறுகிறது. பிளாஸ்டிக் குழாயில் நல்ல ரத்தம்கூட ஒழுங்காக உறையாது. சோப்புத்தூள் போட்டுக் கழுவிய பழைய குழாயிலும் அப்படியே. பத்தாவது நிமிடத்தில் ஆர்வத்தில் எடுத்து ஆட்டிப் பார்த்தால் சோதனையே கெட்டது. முதல் தடவை உறைந்துவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவதும் ஆபத்து, திரும்பத் திரும்பச் செய்துபார்க்க வேண்டும். பெயரில் விரியன் இருந்தாலும், கட்டுவிரியன் கடித்திருந்தால் ரத்தம் நன்றாகவே உறையும். இரவில் தரையில் படுத்திருந்தவரைக் கடித்த தடமே தெரியாது, வலியிருக்காது. விடியற்காலை வயிற்றுவலி என்பார், கண்ணிமை மெல்லக் கீழே தொங்கும். அந்த இமையைப் பார்க்கத் தெரிந்த கண் வேண்டும். மருந்து கொடுக்க டாக்டர்கள் தயங்குவதற்கு ஒவ்வாமை பற்றிய பயம் காரணம். அட்ரினலினைத் தயாராக வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிப்பது என்று ஒருமுறை கைப்பட செய்து பழகியவர் தயங்கமாட்டார். குழந்தைக்கும் பெரியவர் அளவே என்பதுகூடப் பலருக்கு வியப்பாக இருக்கும். பாம்பு செலுத்தும் விஷம் குழந்தைக்கு என்று குறைவதில்லையே. இவை எல்லாம் அரை நாளில் குழாயையும் கடிகாரத்தையும் வைத்துச் சொல்லிக்கொடுக்கக் கூடியவை. திரையில் ஸ்லைடு ஓட்டி வராது.

நெஞ்சுவலியில் அரசு செய்தது இன்னொரு விதம். 2023 ஜூனில் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையங்களில் 14 மாத்திரைகள் ஒன்றாக வைக்கப்பட்டன: ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரெல் 4, அடோர்வாஸ்டாடின் 8. மாரடைப்பு என்று தெரிந்தால் முதல் அளவை அங்கேயே கொடுத்துவிட்டு ஆம்புலன்ஸ் ஏற்ற வேண்டும். எதை எவ்வளவு என்று பதற்றத்தில் நினைவிலிருந்து தேட வேண்டியதில்லை, அலமாரியிலேயே பாடம் இருக்கிறது. கோயம்புத்தூர் இதய நிபுணர் தாமஸ் அலெக்சாண்டரும் சகாக்களும் இதற்கு முன்பே, சிறு மருத்துவமனைகளைப் பெரிய மையங்களோடு இணைத்து, ஈ.சி.ஜி.யை அனுப்பி, அங்கிருந்து வழிகாட்டும் முறையைத் தமிழ்நாட்டில் சோதித்தார்கள். 2,420 மாரடைப்பு நோயாளிகளை வைத்து 2017-ல் வெளியான முடிவில், ஓராண்டு இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆக இறங்கியிருந்தது. கப்பலூர் மாதிரி, நெடுஞ்சாலையும் தொழிற்சாலையும் சேர்ந்த இடத்தில் இருக்கும் தனியார் கிளினிக் ஒவ்வொன்றிலும் அந்த 14 மாத்திரை இருக்க வேண்டும். அதற்குக் கட்டடமோ நிதியோ தேவையில்லை. யாராவது போய்ச் சொல்லி, எழுதி ஒட்டிவிட்டு வர வேண்டும்.

இதுவரை டாக்டரைப் பற்றியே பேச்சு. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் படியேறும்போது அவரை முதலில் பார்ப்பவர் டாக்டர் இல்லையே. டோக்கன் கொடுக்கும் பெண் பார்க்கிறார். உள்ளூரில் பிளஸ் டூ முடித்தவராக இருப்பார், வேலையைப் பார்த்துப் பார்த்துக் கற்றவராக இருப்பார். அவர் 'பதினாலாம் நம்பர், உட்காருங்க' என்று சொல்வதா, எழுந்து ஓடிப்போய் டாக்டரைக் கூப்பிடுவதா என்பதில் அரை மணி நேரம் இருக்கிறது. ரத்த அழுத்தம் பார்ப்பவரும் அவரே. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார வைத்து, பேச்சு கொடுக்காமல், கையை நெஞ்சு மட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லாவிட்டால், மாடிப்படி ஏறி வந்த மூச்சோடு எடுத்த எண்ணை நம்பி ஒருவருக்கு ஆயுள் முழுக்க மாத்திரை எழுதப்படும்.

இப்படிப்பட்ட பெண்களை என்னவாக ஆக்க முடியும் என்று உலகத்துக்குக் காட்டிய ஊர் மதுரை. அரசு மருத்துவமனையில் ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பள்ளி முடித்த கிராமத்துப் பெண்களை எடுத்து, இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்து, பார்வைப் பரிசோதனையிலிருந்து அறுவைக் கூடம் வரை பல பொறுப்புகளை அவர்களிடம் ஒப்படைத்தது அந்த நிறுவனம். சுற்றுவட்டாரக் கிராமங்களில் 2004 முதல் அது திறந்த பார்வை மையங்களில் நோயாளியைப் பரிசோதிப்பவர்கள் பயிற்சி பெற்ற இத்தகைய பணியாளர்கள்தான். டாக்டர் இணைய வழியில் மறுமுனையில் இருப்பார். அரவிந்தின் புகழைப் பேசும்போது அறுவை எண்ணிக்கையையே சொல்கிறோம். அந்த எண்ணிக்கையைத் தாங்கி நிற்பது இந்தப் பயிற்சி.

பொதுச் சுகாதாரத்திலும் இந்த மரபு உண்டு. மதுரையில் டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய சுந்தரம் ஐயங்காரின் மகள், மருத்துவர் சௌந்தரம், 1947-ல் உருவாக்கிய காந்திகிராமம் திண்டுக்கல் சாலையில் இருக்கிறது. அங்கே 1964-ல் அமைந்த ஊரக சுகாதார நிறுவனம், கிராம சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி தருவதையே தொழிலாகக் கொண்டது. 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்திலும் பணியாளரின் கைதான் முதலில் வருகிறது. எடை, உயரம், மூச்சு எண்ணிக்கை, ரத்தத்தில் ஆக்சிஜன், பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்ற சில அளவுகளை வைத்தே யார் ஆபத்தில் இருக்கிறார் என்று பிரித்து மருத்துவமனையில் சேர்க்கச் சொல்கிறார்கள். கப்பலூருக்குப் பக்கத்துத் தோப்பூரை ஒட்டிய ஆஸ்டின்பட்டியில் அரசு நெஞ்சக மருத்துவமனை இருக்கிறது. அங்கே வரும் காசநோயாளிகள் பலரும் முதலில் இருமிக்கொண்டு போய் உட்கார்ந்தது ஏதோ ஒரு தனியார் கிளினிக் பெஞ்சாகத்தான் இருந்திருக்கும்.

அந்தக் கிளினிக் பணியாளரின் பயிற்சிக்கென்று ஒரு சட்டப் பிடிமானம் இருக்கிறது, வேடிக்கையான இடத்தில். 2016-ன் மருத்துவக் கழிவு விதிகள், எந்தச் சிகிச்சை இடமானாலும் பணியாளருக்குச் சேரும்போதும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையாவது பயிற்சி தர வேண்டும் என்கின்றன. ஊசியை எந்த டப்பாவில் போடுவது என்பதற்கு ஆண்டுப் பயிற்சி கட்டாயம். மாரடைப்பை அடையாளம் காண்பதற்கு இல்லை. இருக்கிற அந்த ஆண்டுப் பயிற்சியையே பெரிதாக்கிக்கொள்ளலாம்.

தோப்பூரில் 2019 ஜனவரி 27-ல் எய்ம்ஸுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. முதல் மாணவர்கள் 2022-ல் தற்காலிகமாக இராமநாதபுரத்தில் படிக்கத் தொடங்கினார்கள். அந்தப் பெரிய வளாகம் முழுமையாக எழுந்து நிற்கும்போது, சுற்றியுள்ள கிளினிக்குகளை நோயாளி அனுப்பும் வாசலாக மட்டும் பார்க்காமல் தன் வகுப்பறையாகவும் பார்க்க வேண்டும் என்று இப்போதே கேட்கலாம். அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. 1963-லிருந்தே இந்திய மருத்துவச் சங்கத்துக்குப் பொது மருத்துவர்களுக்கான தனிக் கல்லூரி அமைப்பு, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு, இருக்கிறது. மாதம் ஒரு ஞாயிறு, திருமங்கலத்தில் ஒரு பள்ளி வகுப்பறை போதும். ஸ்பான்சர் வேண்டாம், டீயும் வடையும் அவரவர் காசில். அந்த மாதம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிய நாலு நோயாளிகளுக்கு அங்கே என்ன ஆயிற்று என்று அங்கிருந்து ஒரு மருத்துவர் வந்து சொல்ல வேண்டும். அனுப்பிய டாக்டருக்கு இன்று அந்தத் தகவல் திரும்பி வருவதேயில்லை. மேசை மேல் நாலு கண்ணாடிக் குழாய், ஒரு பி.பி. கருவி, அந்த 14 மாத்திரை. முன்வரிசையில் டோக்கன் கொடுக்கும் பெண்களும் கம்பவுண்டர்களும் உட்கார, அவர்கள் கையில் முதலில் பி.பி. கருவியைக் கொடுத்துப் பக்கத்தில் இருக்கும் டாக்டருக்கே பார்க்கச் சொல்லித் தொடங்கலாம்.